என்ன ஜாதி நாய்?

ஒரு வீட்டுத் திண்ணையில் நாய் ஒன்று படுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர் வாசலிலேயே நின்று முதலில் கேட்பது, "கடிக்குமா?" என்பது. கடிக்காது என்று தெரிந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் மோர் குடித்து ஆனபிறகு கேட்பது, "என்ன ஜாதி?" என்பது. முதல் கேள்வியில் தப்பில்லை. தன் கணுக்காலைப் பற்றிக் கவலைப்பட யாருக்கும் உரிமை உண்டு. இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் எனக்குக் கொஞ்ச நாளாக யோசனை.

ஜாதி நாய் என்றால் நமக்கு ஒரு மரியாதை. ராஜபாளையம் என்றால் வெள்ளை வெளேரென்ற உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். சிப்பிப்பாறை என்றால் ஒட்டிய வயிறும் காற்றாய்ப் பறக்கும் கால்களும். கோம்பை என்றால் காவலுக்குப் பேர் போனது. 2005-ல் நம் தபால் இலாகா நான்கு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது, இமயமலை ஆட்டு நாய், முதோல், ராம்பூர் இவற்றோடு ராஜபாளையமும் இடம் பிடித்துக்கொண்டது. இப்படி ஊர்ப் பெயர் இல்லாத நாய்க்குத் தெரு நாய் என்று பெயர். தெருவாவது ஒரு விலாசந்தான். இரண்டுக்கும் நடுவே, தாய் ஒரு தேசமும் தகப்பன் ஒரு தெருவுமாகப் பிறந்து, குள்ளமாய் வளர்ந்து நிற்கும் ஒரு வகை இருக்கிறதே, அதற்கு எந்த விலாசமும் கிடையாது. அப்படிப்பட்ட ஒன்றோடு பத்து நாள் பழகும் சந்தர்ப்பம் எனக்குக் கச்சிராயபாளையத்தில் கிடைத்தது.

கள்ளக்குறிச்சியிலிருந்து அந்தப் பக்கம் பஸ் ஏறினால் கரும்பும் மரவள்ளியும் இருபுறமும் கூடவே வரும். கல்வராயன் மலை எதிரே எழுந்து, இதற்குமேல் சமவெளி இல்லை என்று அறிவிக்கும் இடத்தில் இருக்கிறது ஊர். பக்கத்திலே கோமுகி அணை. அப்பால் வெள்ளிமலைக்கு ஏறும் மலைப்பாதை. 2019-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆகும்வரை இந்தப் பிரதேசம் முழுவதும் விழுப்புரத்தைச் சேர்ந்திருந்தது. ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்று உண்டு. அரைவைக் காலத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை பிடித்து நிற்கும். காற்றில் வெல்லப்பாகு வாசனை கமழும். என் அக்காவை அந்த ஊரில்தான் கொடுத்திருக்கிறது. மாமாவுக்குக் கொஞ்சம் கரும்பு, கொஞ்சம் நெல், மேட்டில் மரவள்ளி. ஒரு தை மாதம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பத்து நாள் தங்குவதாகப் போய் இறங்கினேன்.

அக்கா வருமுன் வாசலுக்கு வந்து என்னை விசாரித்தவள் சுண்டு.

அவளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தரையிலிருந்து முதுகு வரை ஓர் அடி உயரம் இருந்தால் அதிகம். மரவள்ளி நிறுக்கும் தராசில் வைத்துப் பார்த்தபோது ஆறரைக் கிலோ. உடம்பு வெள்ளை. இடது காதும் அதை ஒட்டிய முகமும் கருப்பட்டி நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும். மற்றது நிமிரப் போய்ப் பாதியில் மனம் மாறினாற்போல் மடிந்து கிடக்கும். மோவாயில் தேங்காய் நார் மாதிரி நாலைந்து முடி. பார்த்த உடனே அக்கா சுண்டைக்காய் என்று பெயர் வைத்தாளாம். கூப்பிடச் சௌகரியமாக அது சுண்டு ஆயிற்று.

தாய், பெங்களூரில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்று ஊர் திரும்பிய ஒரு பெரியவர் கூடவே கொண்டு வந்த குள்ள டெரியர். தகப்பன் விஷயத்தில் ஊர் மௌனம் சாதித்தது. ஆனால் டீக்கடை வாசலில் படுத்திருக்கும் செவலை நாய்க்கும் அதே மாதிரி ஒரு காது மடிந்திருந்தது. நான்கு குட்டிகளில் மூன்று கடுவன். அவற்றுக்கு உடனே ஆள் வந்துவிட்டது. பெட்டையை யாரும் சீந்தவில்லை. அக்கா முந்தானையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

நான் போன நேரத்தில் சுண்டுவின் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. குற்றச்சாட்டுகள் மூன்று. முதலாவது, அக்காவின் மல்லிகைப் பாத்தியை ஒரு மாதத்தில் இரண்டு தடவை வேரோடு தோண்டிப் போட்டது. இரண்டாவது, ராத்திரி எல்லாரும் தூங்கும்போது சுவரைப் பார்த்துக் குரைப்பது. மூன்றாவதுதான் கொலைக் குற்றம். கோழிக்குஞ்சு ஒன்றைக் கவ்வி உதறிவிட்டது. மாமா தீர்ப்பும் சொல்லியாகிவிட்டது.

"கோழி ருசி கண்ட நாய் வீட்டுக்கு ஆகாது, மாப்ளே. வர்ற வெள்ளிக்கிழமை மரவள்ளி ஏத்த வண்டி மலைக்குப் போவுது. அதிலே கொண்டு போய் விட்டுட்டு வரச் சொல்லியிருக்கேன். மேலே எங்கேயாவது பொழைச்சுக்கும்" என்றார்.

மாமா கெட்டவர் அல்ல. கன்றுக்குட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் ராத்திரி முழுவதும் கொட்டகையில் உட்கார்ந்திருப்பவர். நாயைக் கொண்டு போய் எங்கேயோ விட்டுவிடுவது நம் கிராமங்களில் ஒரு பாவமாகவே கருதப்படுவதில்லை. 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டத்தில், வளர்த்த பிராணியைப் பசிக்கும் தாகத்துக்கும் விட்டுக் கைவிடுவதும் ஒரு குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய் வரை என்று அதில் எழுதியிருக்கிறது. இந்தக் காலத்தில் 50 ரூபாய்க்கு யார் பயப்படுவார்கள்? மேலே மலைக்காரர்கள் வீடுகளில் காட்டுப் பன்றியை எதிர்த்து நிற்கும் நாய்கள் இருக்கின்றன. ஆறரைக் கிலோ எடையுள்ள, கட்டிலுக்கடியில் தூங்கிப் பழகிய இந்தச் சுண்டைக்காய் அவற்றின் நடுவே ஒரு வாரம் தாங்குமா என்பது யாருக்கும் தெரியும். சொல்வதற்குத்தான் "பொழைச்சுக்கும்" என்ற வார்த்தை.

மாமா வெளியே போனதும் அக்கா, "அவரு சொன்னா சொன்னதுதான். நீ சும்மாதானே இருக்கே, தம்பி. அதுக்கு என்னதான் வேணுமாம்னு கொஞ்சம் பாரேன்" என்றாள்.

ஐந்து நாள் கெடு. நாவல் எழுதுகிறவனுக்கு ஒரு பாத்திரத்தைத் தெரிந்துகொள்ள ஐந்து நாள் குறைவு. ஆனாலும் திங்கட்கிழமை காலையிலிருந்து சுண்டுவின் பின்னாலேயே அலைந்தேன்.

டெரியர் என்ற பெயரே அவள் வழக்குக்கு ஒரு சாட்சி. லத்தீன் மொழியில் 'டெர்ரா' என்றால் மண். மண்ணுக்குள் போகிற நாய் என்பதால் டெரியர். இங்கிலாந்தில் நரியும் எலியும் வளைக்குள் ஓடி ஒளிந்துகொண்டால் உள்ளே நுழைந்து துரத்துவதற்கென்றே குள்ள நாய்களை வளர்த்தார்கள். ஜான் ரஸல் என்று ஒரு பாதிரியார் இருந்தார். அவர் 1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருக்கும்போது, ஒரு பால்காரரிடம் முகத்தில் பழுப்புத் திட்டு உள்ள வெள்ளைப் பெட்டை நாய் ஒன்றைக் கண்டு ஆசைப்பட்டு அங்கேயே விலைக்கு வாங்கினார். அவர் பெயரால் இன்று உலகம் பூராவும் வழங்கும் ஜாக் ரஸல் டெரியருக்கு அந்தப் பால்காரர் வீட்டு நாய்தான் மூலமாதா. அதற்குத் தாய் தகப்பன் யார் என்று அன்றைக்கு ஒருவரும் கேட்கவில்லை. ஆக, பெரிய ஜாதிகளின் ஆரம்பத்தைத் தோண்டிப் பார்த்தால் அங்கேயும் ஒரு சுண்டுதான் உட்கார்ந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை ஒரு விஷயம் கவனித்தேன். சாமான் அறைச் சுவரோரம் சுண்டு உட்கார்ந்துகொண்டு, தலையை ஒரு பக்கமாய்ச் சாய்த்து, நிமிர்ந்த காதை அங்கேயே நிறுத்தி எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள். கால் மணி நேரம் அசையவில்லை. அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, தாத்தா வீட்டுப் பாட்டுத் தட்டிலே இருக்குமே, அந்த நாய் மாதிரியே இல்லை?" என்றாள்.

எங்கள் வயசுக்காரர்களுக்கு அந்தப் படம் மறக்காது. கறுப்புத் தட்டின் நடுவே, கிராமபோன் குழாய்க்கு முன் காது கொடுத்து உட்கார்ந்திருக்கும் வெள்ளை நாய். அதன் பெயர் நிப்பர். 1884-ல் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தது. அதுவும் கலப்பு டெரியர்தான். வருகிறவர் காலைக் கவ்வும் வழக்கத்தால் அந்தப் பெயராம். எஜமானர் 1887-ல் காலமானதும் அவருடைய தம்பி, பிரான்ஸிஸ் பராட் என்ற சித்திரக்காரர், நாயைத் தம்மோடு அழைத்துப் போனார். 1895-ல் நாய் இறந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் அந்தப் படத்தைத் தீட்டினார். முதலில் நாய்க்கு எதிரே இருந்தது எடிசனின் போனோகிராப். கிராமபோன் கம்பெனி 1899-ல், அதை அழித்துத் தங்கள் கருவியைப் போட்டுத் தரச் சொல்லி, படத்துக்கும் அதன் உரிமைக்குமாக 100 பவுன் கொடுத்தது. அந்தப் படம் பல வருஷம் இசைத்தட்டுகளின் மேல் ஏறி, நம் தாத்தா வீட்டுக் கூடம் வரை வந்து சேர்ந்தது.

நிப்பர் குழாயில் என்ன கேட்டதோ, சுண்டு சுவரில் கேட்டது இன்னதென்று புதன்கிழமை விளங்கிற்று. மல்லிகைப் பாத்தியில் அவள் தோண்டிய இடத்தையே வேலையாள் மண்வெட்டியால் பெரிது பண்ணினான். ஒரு முழம் ஆழத்தில் வளை தென்பட்டது. அது ஒரு பக்கம் குளியலறைச் சாக்கடைக்கும், மறுபக்கம் சாமான் அறைக்கு அடியிலும் போயிற்று. நடுவில் ஒரு பொந்து. அதற்குள் நறுக்கி அடுக்கினாற்போல் நெற்கதிர்கள். கொல்லை வயலிலிருந்து தூக்கி வந்தவை. வேலையாள் மறுபடி மண்வெட்டியை ஓங்குமுன் ஒரு பெருச்சாளி வெளியே பாய்ந்தது. சுண்டுவின் எடையில் ஆறில் ஒரு பங்காவது இருக்கும். சுண்டு அதன் கழுத்தைப் பிடித்து ஓர் உதறு உதறிக் கீழே போட்டாள். அவ்வளவுதான். கடித்துக் குதறவில்லை, தின்னவில்லை. அடுத்த வளையை மோந்து பார்க்கப் போய்விட்டாள். திண்ணையிலிருந்து மாமா இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை.

தோண்டியதும் குரைத்ததும் இவ்விதம் தள்ளுபடி ஆயின. கோழிக்குஞ்சு விஷயம் நின்றது. அதற்கு ஜாதியைச் சாட்சிக்கு அழைத்தால் வழக்கு இன்னும் மோசமாகிவிடும். சின்னதாய்க் குறுக்கே ஓடுவதைப் பிடித்து உதறுவது டெரியருக்கு ஊறிப்போன காரியம். எலி, குஞ்சு என்ற பேதத்தை யாராவது அவளுக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் உண்டு. வேலைக்கு வரும் கிழவி ஒருத்தி, மலைக்காரி, இதற்கு வழி சொன்னாள். குஞ்சுகளைப் பஞ்சாரத்துக்குள் வை, நாயைக் கயிற்றில் கட்டிப் பக்கத்திலே படுக்க வை, தாய்க்கோழியை மட்டும் வெளியே விடு என்றாள். அப்படியே செய்தோம். தாய்க்கோழி சிறகை விரித்துக்கொண்டு வந்து, சுண்டுவின் மூக்கில் நறுக்கென்று இரண்டு கொத்து வைத்தது. சுண்டு என்னைப் பார்த்தாள். நான் கூரையைப் பார்த்தேன். அன்று மாலையிலிருந்து பஞ்சாரத்தைக் கண்டால் அவள் சுற்றிக்கொண்டு போனாள்.

டெரியர்கள் முன்கோபக்காரர்கள், குழந்தைகளிடம் பொறுமை கிடையாது என்றெல்லாம் படித்திருக்கிறேன். பக்கத்து வீட்டு ஒன்றரை வயசுப் பயல் சுண்டுவின் மீசையைப் பிடித்து இழுத்துக்கொண்டே நடை பயின்றான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கூடவே நடந்தாள். அஞ்சாநெஞ்சம் உள்ளவை என்றும் படித்திருக்கிறேன். பெருச்சாளிக்கு அஞ்சாத சுண்டு, குக்கர் விசில் அடித்தால் கட்டிலுக்கடியில் போய், அடுப்பு அணையும் வரை வெளியே வரமாட்டாள். தோண்டும் காலைப் புத்தகத்தில் பார்க்கலாம். மற்றதையெல்லாம் கச்சிராயபாளையத்தில்தான் பார்க்கவேண்டும்.

வியாழக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு மாமாவிடம் பேச்சை எடுத்தேன். ஓர் எலிக்கூட்டம் வருஷத்தில் எத்தனை நெல்லை அழிக்கும், நாய்க்கு ஆகும் சோறு எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். எலி மருந்தைப் பற்றியும் சொன்னேன். வயலில் வைக்கிற ஜிங்க் பாஸ்பைடு வயிற்றுக்குள் போனால் விஷ வாயுவாக மாறுகிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது. மருந்து தின்று செத்த எலியைத் தின்றால் நாய்க்கும் ஆபத்து. ஆகவே வீட்டைச் சுற்றி மருந்து வைப்பதை நிறுத்திவிட்டு, அந்த வேலையைச் சுண்டுவிடம் ஒப்படைக்கலாம் என்றேன். மாமா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வழக்கு ஜயித்தாற்போல்தான் இருந்தது.

அப்போது பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்கா, திரும்பாமலே கேட்டாள்: "ஏன், எலி பிடிச்சாத்தான் அதுக்குச் சோறா? இன்னும் எட்டு வருஷம் போனா அதுக்குப் பல்லு போயிடும். அப்போ எந்த வண்டியிலே ஏத்தப் போறீங்க?"

எனக்கும் பதில் இல்லை, மாமாவுக்கும் இல்லை. நான் லைக்காவை நினைத்துக்கொண்டேன். மாஸ்கோ தெருவில் திரிந்த சின்னக் கலப்பு நாய் அது. அதற்கும் டெரியர் கலப்பு உண்டென்பார்கள். எடை சுமார் ஆறு கிலோ, ஏறக்குறைய நம் சுண்டுதான். தெருவிலே பசியும் குளிரும் பழகியது, எதையும் தாங்கும் என்று அதைத் தேர்ந்தெடுத்தார்கள். 1957 நவம்பர் 3-ந் தேதி ஸ்புட்னிக் 2-ல் ஏற்றி ஆகாயத்துக்கு அனுப்பினார்கள். திரும்பக் கொண்டு வரும் ஏற்பாடே அந்தப் பிரயாணத்தில் இல்லை. அது பல நாள் உயிரோடு இருந்தது என்று உலகம் நெடுங்காலம் நம்பிற்று. சில மணி நேரத்திலேயே வெப்பம் தாங்காமல் இறந்துவிட்டது என்ற உண்மை 2002-ல்தான் வெளியாயிற்று. அந்த நாய்க்குப் பெயர் இருந்தது, வேலை இருந்தது, புகழும் இருந்தது. திரும்பி வர ஒரு வீடு மட்டும் இல்லை. உபயோகத்தைச் சொல்லி ஒரு பிராணிக்கு வாழ்வு கேட்கிறவர்கள், அந்த உபயோகம் தீரும் நாளையும் சேர்த்துக் கேட்டு வைக்கவேண்டும். அக்காவுக்கு லைக்காவைத் தெரியாது. ஆனால் கேட்கவேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை மரவள்ளி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. மாமா வெளியே போய் டிரைவரிடம் ஏதோ சொன்னார். வண்டி போய்விட்டது. உள்ளே வந்தவர், "கோணி இருந்தா ஒண்ணு குடு. திண்ணை ஜில்லுனு இருக்கு" என்று அக்காவிடம் கேட்டார். அவர் திண்ணையில் படுப்பவர் அல்ல.

மறுநாள் சுண்டுவைக் கூடையில் வைத்து மோட்டார் சைக்கிளில் கள்ளக்குறிச்சி கால்நடை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். வெறிநாய்க்கடித் தடுப்பு ஊசி எந்த நாய்க்கும் வருஷா வருஷம் அவசியம். எலியோடு போராடும் நாய்க்கு இன்னொன்றும் வேண்டும். எலியின் மூத்திரத்திலிருந்து பரவும் எலிக் காய்ச்சல் நாய்க்கும் வரும், நாயிடமிருந்து மனிதருக்கும் வரக்கூடும். அதற்கும் தடுப்பு மருந்து இருக்கிறது. டாக்டர் பொறுமையாக எல்லாம் விளக்கிவிட்டு, அட்டை எழுத உட்கார்ந்தார். பெயர், வயது, நிறம் எல்லாம் ஆயிற்று. "என்ன ஜாதின்னு போடட்டும்?" என்றார்.

மாமா கொஞ்சம் யோசித்தார். "எங்க வீட்டு நாய்ங்க" என்றார்.

டாக்டர் சிரித்துக்கொண்டே 'கலப்பு' என்று எழுதினார். அட்டைக்கு அது போதும்.

அமெரிக்காவில் விஞ்ஞானிகள் 18,000-க்கு மேற்பட்ட நாய்களின் குணங்களை அவற்றை வளர்ப்பவர்களிடம் விசாரித்து, 2,000-க்கு மேற்பட்ட நாய்களின் மரபணுக்களையும் ஆராய்ந்து, 2022-ல் 'சயன்ஸ்' பத்திரிகையில் முடிவை வெளியிட்டார்கள். ஒரு நாயின் குணம் மற்றொன்றின் குணத்திலிருந்து வேறுபடுவதில், ஜாதியைக் கொண்டு விளக்கக்கூடியது சுமார் 9 சதவிகிதந்தானாம். பாக்கி 91-ஐ, நாயோடு கூட இருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது. இந்தக் கணக்கை மனிதர்களுக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று நான் சொல்லப் போவதில்லை. அதற்கு வேறு பத்திரிகைகள் இருக்கின்றன.

சுண்டு சௌக்கியமாக இருக்கிறாள். அக்கா மல்லிகையைத் தொட்டிக்கு மாற்றிவிட்டாள். வீட்டைச் சுற்றி எலி மருந்து வைப்பதை மாமா நிறுத்திவிட்டார். வயலில் வைக்கிற நாட்களில் சுண்டுவைக் கட்டிப்போட்டுவிடுகிறார்கள். அந்த நாட்களில் அவள் ஊரே அதிரக் குரைக்கிறாளாம். அதற்கு இன்னும் பரிகாரம் கண்டுபிடிக்கவில்லை. போன தடவை டெலிபோனில் அக்கா சொன்னாள்: அண்டை வீட்டில் குக்கர் விசில் அடித்தாலும் இப்போதெல்லாம் மாமாவின் கட்டிலுக்கடியில்தான் அவள் போய் ஒளிந்துகொள்கிறாளாம். மாமாவும் காலை மடக்கி இடம் விடுகிறாராம்.